சிக்னல் கட் ஆகும் நேரம்

செல்போனில் பேசிக்கொண்டிருக்கும்போது சிக்னல் கட் ஆனால் என்ன நடக்கும்? "ஹலோ... ஹலோ..." என்று நாலு முறை கத்தல். பிறகு டவர் வைத்தவனுக்கு ஒரு திட்டு. பிறகு மறுபடி டயல். கட் ஆவதற்கு முந்தைய சில நொடிகளில் அந்தக் குரல் எப்படி மாறியது, எவ்வளவு இழுத்தது என்று யாரும் நோட்டுப் போட்டு எழுதி வைப்பதில்லை.

அதையே வேலையாக வைத்திருப்பவர்களும் உலகத்தில் உண்டு. ஒரு விண்கலம் நிலாவுக்கோ செவ்வாய்க்கோ பின்னால் போய் மறையும்போது அதன் சிக்னல் அறுந்துபோகும். நடுவில் ஒரு கோளே வந்து நின்றால் ரேடியோ அலை என்ன செய்யும், பாவம்! ஆனால் அறுவதற்குச் சற்று முன்பும், மறுபக்கம் தலைகாட்டிய உடனேயும், அந்த அலை கோளின் ஓரத்தை உரசிக்கொண்டு வருகிறது. ஓரத்தில் காற்று இருந்தால் அதன் வழியாகத்தான் வந்தாக வேண்டும். வரும்போது கொஞ்சம் வளையும், வேகம் கொஞ்சம் மாறும். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று அளந்துவிட்டால், அங்கே போகாமலேயே காற்று எவ்வளவு என்று சொல்லிவிடலாம். இதற்கு ரேடியோ அக்கல்டேஷன் என்று பெயர். தமிழில் ரேடியோ மறைப்பு முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

பேசுவதற்காக அனுப்பிய சிக்னலே அளக்கும் கருவியாகவும் ஆகிவிடுவதுதான் இதில் உள்ள அழகு.

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் இது இருக்கிறது!

சொம்பில் ஒரு நாணயத்தைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், மறைந்திருந்த நாணயம் மேலே எழும்பி வந்த மாதிரி தெரியும். ஒளி வளைவதால் வரும் மாயம் அது. ரேடியோ அலையும் ஒளியின் சொந்தக்காரன்தான், அதனால் அதுவும் வளைகிறது. இது வரைக்கும் எட்டாம் வகுப்பு அறிவியல். கஷ்டம் எங்கே என்றால், வளைந்தது மிகக் குறைவு, வந்த தூரமோ கோடிக்கணக்கான கிலோமீட்டர். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

காமர்ஸ் படித்தவர்களுக்கு விடை ஏற்கெனவே தெரியும். வங்கிச் சரிகட்டும் பட்டியல் ஞாபகம் இருக்கிறதா? கடைக்காரர் எழுதிய ரொக்க ஏடு ஒரு இருப்பைக் காட்டும். வங்கியின் செல்லேடு வேறொரு இருப்பைக் காட்டும். வித்தியாசத்தைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. காரணங்களை ஒவ்வொன்றாக எழுதிக் கழித்துக்கொண்டே வருவார்கள்.

இங்கேயும் அதே கதை. விண்கலம் ஒரே சீரான அதிர்வெண்ணில் சிக்னல் அனுப்புகிறது. அது எந்தப் பாதையில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது தெரியும். ஆகவே பூமிக்கு வந்து சேரும்போது அதிர்வெண் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்துவிடலாம். அது ரொக்க ஏடு. உண்மையில் ஆன்டெனாவில் வந்து விழுந்த அதிர்வெண் செல்லேடு.

இரண்டும் ஒத்துப்போகாது. விழுப்புரம் ஜங்ஷனில் நிற்காமல் போகும் ரயிலின் ஹாரன், நெருங்கும்போது உச்ச ஸ்தாயியிலும் விலகும்போது இறங்கியும் கேட்கும் அல்லவா? அந்த டாப்ளர் விளைவு விண்கலத்துக்கும் உண்டு. அதைக் கழிக்க வேண்டும். பூமியின் காற்றும் அதற்கு மேலே உள்ள அயனி மண்டலமும் செய்த குளறுபடியைக் கழிக்க வேண்டும். எல்லாம் போக மிச்சம் நிற்கும் வித்தியாசம் இருக்கிறதே, அதுதான் அந்தக் கோளின் காற்று எழுதிய பதிவு.

அந்த மிச்சத்திலிருந்து, தரையிலிருந்து எந்த உயரத்தில் அலை எவ்வளவு வளைந்தது என்று கிடைக்கும். அதிலிருந்து அடர்த்தி. மேலே உள்ள காற்றின் எடையை வரிசையாகக் கூட்டிக்கொண்டே வந்தால் அழுத்தம். பிறகு வெப்பநிலை. ஒரே நிபந்தனை, அங்கே இருப்பது என்ன வாயு என்று வேறு வழியில் தெரிந்திருக்க வேண்டும்.

செவ்வாயில் பாராசூட் போதுமா?

இந்த முறையை வேறொரு கோளில் முதலில் செய்து காட்டியது 1965 ஜூலையில். நாசாவின் மாரினர் 4 விண்கலம் செவ்வாயைக் கடந்து போனது. அது அனுப்பிய மங்கலான கருப்பு வெள்ளைப் படங்கள்தான் பத்திரிகைகளில் வந்தன. பள்ளமும் குழியுமாக நிலா மாதிரியே இருந்த செவ்வாயைப் பார்த்துப் பலருக்கு ஏமாற்றம். ஆனால் படங்களைவிடப் பெரிய செய்தி, கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்தபோது வந்தது.

1950களில் செவ்வாயின் காற்றழுத்தம் சுமார் 85 மில்லிபார் இருக்கும் என்று நம்பினார்கள். 1960களின் தொடக்கத்தில் தொலைநோக்கி வழியாகப் பார்த்து அதைச் சுமார் 25 என்று குறைத்தார்கள். மாரினர் 4-ன் சிக்னலைப் பிரித்துப் பார்த்த க்லியோரே குழுவினருக்குக் கிடைத்தது 4 முதல் 7 மில்லிபார்! பூமியில் கடல் மட்டத்தில் சுமார் 1013 என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இது வெறும் புத்தகத் திருத்தம் இல்லை. காற்று நிறைய இருந்தால் பாராசூட்டை விரித்து மெதுவாக இறங்கிவிடலாம். இவ்வளவு மெல்லிய காற்றில் பாராசூட்டை மட்டும் நம்பினால் கலம் தரையில் மோதிச் சிதறும். 1976-ல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் வெப்பக் கவசம், பாராசூட், கடைசியில் எதிர்த்திசையில் எரியும் ராக்கெட் என்று மூன்றையும் சுமந்து போனது இதனால்தான். மாரினர் 4-ன் சிக்னல் மறைந்த அந்தச் சில நிமிடங்களை யாரும் கவனித்துப் பதியாமல் விட்டிருந்தால்?

பெங்களூருக்குப் பக்கத்தில் ஒரு காது

இந்தியாவில் இந்த வேலைக்கான காது பெங்களூரிலிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில், பியாலாலு என்ற கிராமத்தில் இருக்கிறது. 32 மீட்டர் அகலத்தில் ஒரு ஆன்டெனா, 18 மீட்டரில் இன்னொன்று. சந்திரயான்-1-க்காக 2008-ல் தயாரானவை.

நிலாவில்தான் காற்றே இல்லையே, அங்கே எதை அளப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூச்சு விடும் அளவுக்கு இல்லைதான். ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக அணுக்கள் உண்டு. ஒன்றோடு ஒன்று மோதிக்கொள்ளாத அளவுக்கு விலகி விலகித் திரியும். சூரிய ஒளி அவற்றில் சிலவற்றிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எடுத்துவிடும். அப்படிப் பிய்ந்த எலக்ட்ரான்கள் சேர்ந்ததுதான் நிலாவின் அயனி மண்டலம். அப்படி ஒன்று உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்று 1970களில் சோவியத் லூனா கலங்கள் அளந்த காலத்திலிருந்தே விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

2009-ல், தொடர்பு அறுந்துபோவதற்குச் சில வாரங்கள் முன்பு, சந்திரயான்-1 நிலாவின் ஓரத்தில் மறையும் தருணங்களைப் பியாலாலுவில் பதிவு செய்தார்கள். இதற்கென்று கலத்தில் தனிக் கருவி எதுவும் கிடையாது. தகவல் அனுப்பும் அதே எஸ் பேண்ட் சிக்னல்தான். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளை அலசி 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். நிலாவின் தரைக்கு அருகே ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 300 எலக்ட்ரான்கள்.

300 என்றால் எவ்வளவு சின்னது என்று புரிய வேண்டுமா? பூமியின் அயனி மண்டலத்தில், பகல் உச்சத்தில், அதே அளவு இடத்தில் 10 லட்சம் எலக்ட்ரான்கள் வரை இருக்கும். நிலாவிலிருந்து வரும் சிக்னல் அதையும் தாண்டித்தான் ஆன்டெனாவுக்கு வர வேண்டும். தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, எதிர் பிளாட்பாரத்தில் ஒருவர் காதோடு காதாகச் சொல்லும் ரகசியத்தைக் கேட்கிற வேலை!

அதனால் சந்திரயான்-2-ல் ஏற்பாட்டையே மாற்றினார்கள். 2019 ஆகஸ்டில் நிலாவின் சுற்றுப்பாதைக்குள் போன அந்தக் கலத்தில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. ஒரே மூலத்திலிருந்து பிறந்த இரண்டு சிக்னல்கள், எஸ் பேண்டில் ஒன்று, எக்ஸ் பேண்டில் ஒன்று, ஒரே நேரத்தில் கிளம்பும். கலத்தின் ஓட்டத்தில் வரும் பிழை இரண்டையும் ஒரே விகிதத்தில் பாதிக்கும். எலக்ட்ரான் கூட்டமோ அதிர்வெண் குறைந்த சிக்னலை அதிகமாகவும், கூடியதைக் குறைவாகவும் தொந்தரவு செய்யும். இரண்டையும் ஒப்பிட்டால் ஓட்டத்தின் பிழை அடிபட்டுப்போய் எலக்ட்ரான்களின் கைவரிசை மட்டும் மிஞ்சும்.

2022-ல் வெளியான முடிவு ஆய்வாளர்களையே புருவம் உயர்த்த வைத்தது. சூரியனிலிருந்து வீசும் துகள் காற்று நிலாவில் மோதுவதால், நிலாவுக்குப் பின்னால் படகின் பின்னால் உண்டாவது போல ஒரு வெற்றுத் தடம் விழும். வெளிச்சமும் இல்லாத அந்த இடத்தில் எலக்ட்ரான் குறைவாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கிடைத்ததோ கன சென்டிமீட்டருக்கு 10,000 என்ற அளவில்! பகல் பக்கத்தைவிடக் குறைந்தது பத்து மடங்கு அதிகம்.

விழுப்புரத்துக்காரர் தலைமையில் ஒரு தணிக்கை

தூரத்திலிருந்து சிக்னலைப் பார்த்துச் சொல்லும் கணக்கை யாராவது நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டாமா? அந்த வாய்ப்பு 2023 ஆகஸ்ட் 23 அன்று வந்தது. சந்திரயான்-3-ன் விக்ரம் லேண்டர் நிலாவின் தென் துருவப் பகுதிக்கு அருகே இறங்கியது. திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல். விழுப்புரம் ரயில்வே பள்ளியில் படித்து, டிப்ளமோவையும் விழுப்புரத்திலேயே முடித்துவிட்டு மேலே போனவர். அன்றைக்கு மாவட்டமே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது.

எல்லோரும் லேண்டர் இறங்கியதைப் பார்த்தார்கள். லேண்டரிலிருந்து நீண்ட ஒரு மீட்டர் கம்பியையும், அதன் நுனியில் இருந்த 5 செ.மீ. உலோக உருண்டையையும் கவனித்தவர்கள் குறைவு. ரம்பா என்ற கருவித் தொகுதியின் பகுதி அது. நிலாத் தரைக்கு மிக அருகே எலக்ட்ரான்களை நேரடியாக எண்ணியது.

இங்கேதான் வேடிக்கை. இறங்கிய ஒரு வாரத்தில் இஸ்ரோ வெளியிட்ட முதற்கட்டக் கணக்கு, கன மீட்டருக்கு 50 லட்சம் முதல் 3 கோடி வரை. அதாவது கன சென்டிமீட்டருக்கு வெறும் 5 முதல் 30. பிறகு பொறுமையாக எல்லாப் பதிவையும் அலசி 2025-ல் சொன்ன கணக்கு, 380 முதல் 600 வரை. உத்தேசக் கணக்குக்கும் தணிக்கை முடிந்த கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட நன்றாக எந்தப் பாடப் புத்தகமும் விளக்காது.

இந்த 380 – 600 என்பது ரேடியோ மறைப்பு முறையில் கிடைத்த மதிப்பைவிட அதிகம். அப்படியானால் ரேடியோ முறை தோற்றுவிட்டதா?

இந்த இடத்தில் திருவாமாத்தூரை நினைத்துக்கொள்ள வேண்டும். விழுப்புரத்துக்குப் பக்கத்தில், பம்பை ஆற்றங்கரையில், அபிராமேஸ்வரர் கோயில் இருக்கும் ஊர். இந்த ஊருக்குக் கலம்பகம் பாடியவர்கள் இரட்டைப் புலவர்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்குக் கால் நடக்காது. நடக்க முடிந்தவர் தோளில் பார்க்க முடிந்தவர் உட்கார்ந்து வழி சொல்ல, ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள். ஒருவர் பாதிப் பாட்டைத் தொடங்கினால் மற்றவர் மீதியை முடிப்பார்.

விக்ரம் லேண்டருக்குக் கண் உண்டு, கால் இல்லை. இறங்கிய இடத்திலேயே இருந்தது. கடைசியில் என்ஜினை இயக்கிச் சுமார் 40 செ.மீ. எம்பி, பக்கத்திலேயே உட்கார்ந்தது, அவ்வளவுதான்! சுமார் பத்து நாள், ஒரே இடம், ஒரே பகல். ஆனால் அங்கே பார்த்ததைத் துல்லியமாகப் பார்த்தது. ரேடியோ சிக்னலுக்குக் கால் உண்டு. நிலாவின் பகல், இரவு, துருவம், நடுக்கோடு என்று எல்லா இடத்துக்கும் போய்வரும். ஆனால் நேரடியாக எதையும் பார்க்காது. ஓரத்தை உரசிக்கொண்டு வரும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பாதை முழுவதிலும் இருந்த எலக்ட்ரான்களைச் சேர்த்து ஒரே மொத்தமாகத்தான் கொடுக்கும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் அதைப் பிரிக்க முடியும். தரைக்கு ஒரு மீட்டர் உயரத்தில் நின்று எண்ணியதும், நீண்ட பாதையில் சராசரி பார்த்ததும், வேறு இடத்தில் வேறு வருடத்தில் அளந்ததும் அப்படியே ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒருவர் தோளில் இன்னொருவர் உட்கார்ந்தால்தான் வழி தெரியும்.

அந்தப் புலவர்களைப் பற்றி இன்னொரு கதையும் ஊரில் உண்டு. கோயில் ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை மாற்றிப் பாடிவிட்டார்களாம். அரங்கேற்றத்தில் எதிர்ப்பு கிளம்ப, அன்று இரவே வெள்ளம் வந்து, ஆறு தடம் மாறி, பாட்டை உண்மையாக்கியதாம். விஞ்ஞானிகளுக்கு அந்த வசதி கிடையாது. நிலாவைத் திருத்த முடியாது, கணக்கைத்தான் திருத்த வேண்டும்.

நிலாவை விடுங்கள், மழை வருமா?

"இதெல்லாம் சரி, விவசாயிக்கு என்ன லாபம்?" என்ற கேள்வி எப்போதும் வரும். வர வேண்டியதும்தான்.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. கடந்த பிறகும் நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. விழுப்புரம் மாவட்டம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். இப்படி ஒரு புயலை முன்கூட்டிக் கணிக்க வேண்டுமென்றால், வங்கக் கடலுக்கு மேலே ஒவ்வொரு உயரத்திலும் காற்று எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று தெரிய வேண்டும். சென்னையிலும் காரைக்காலிலும் பலூன் விட்டு அளக்கிறார்கள். நடுக்கடலில் யார் பலூன் விடுவது?

அங்கேதான் செவ்வாயில் பழகிய வித்தை பூமிக்குத் திரும்பி வருகிறது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் எப்போதும் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. தாழ்வாகச் சுற்றும் இன்னொரு செயற்கைக்கோளிலிருந்து பார்த்தால், ஜி.பி.எஸ். ஒவ்வொன்றும் பூமியின் விளிம்பில் உதித்து மறையும். ஒவ்வொரு மறைவும் ஒரு அளவீடு. 2009-ல் போன ஓஷன்சாட்-2, 2011-ல் போன மேகா டிராபிக்ஸ் இரண்டிலும் இத்தாலியின் ரோசா என்ற கருவி இதற்காகவே போனது. 2019-ல் தைவானும் அமெரிக்காவும் சேர்ந்து அனுப்பிய காஸ்மிக்-2-ன் ஆறு செயற்கைக்கோள்கள் வெப்ப மண்டலத்தைச் சுற்றியே ஓடி, நாள் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் இப்படி அளக்கும்படி அமைந்தவை. நொய்டாவில் உள்ள தேசிய வானிலை முன்கணிப்பு மையம் உட்பட, உலகம் முழுக்க வானிலைக் கணக்குப் போடுகிறவர்கள் இத்தகைய தகவலைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஜி.பி.எஸ். அனுப்பியவர்கள் மழையைப் பற்றி நினைத்து அனுப்பவில்லை. வழி காட்டத்தான் அனுப்பினார்கள்!

அடுத்தது வெள்ளி

பியாலாலு ஆன்டெனா அயலூர்க்காரருக்கும் காது கொடுத்திருக்கிறது. ஜப்பானின் அகாட்சுகி கலம் 2010 டிசம்பரில் வெள்ளியின் சுற்றுப்பாதையில் நுழைய முடியாமல் தவறிப்போய், ஐந்து வருடம் சூரியனைச் சுற்றிவிட்டு, 2015 டிசம்பரில் திரும்ப வந்து சேர்ந்தது. அதன் மறைப்பு சிக்னல்களை ஜப்பானின் 64 மீட்டர் ஆன்டெனாவோடு பியாலாலுவும் வாங்கிப் பதிந்தது. வெள்ளியில் சிக்னல் வளைவதோடு நிற்பதில்லை, மங்கவும் செய்கிறது. மேகத்துக்குக் கீழே உள்ள கந்தக அமில ஆவி அதைக் குடித்துவிடும். எவ்வளவு குடித்தது என்று பார்த்தால் அமிலம் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

இப்போது இந்தியாவுக்கே ஒரு வெள்ளிக் கலம் தயாராகிறது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை அனுமதித்த தொகை ரூ. 1,236 கோடி. திட்டமிட்டபடி நடந்தால் 2028 மார்ச்சில் கிளம்பும். வெள்ளியின் அயனி மண்டலத்தை ரேடியோ மறைப்பு முறையில் அளக்க ரவி என்ற சோதனையும் அதன் பட்டியலில் இருக்கிறது.

கடைசியாக, காமர்ஸ் வகுப்பு நண்பர்களுக்கு ஒரு சின்ன வீட்டுப்பாடம். சந்திரயான்-1 சிக்னல் அனுப்பச் செலவான தொகையைத் தகவல் தொடர்புச் செலவில் எழுதுவீர்களா, ஆராய்ச்சிச் செலவில் எழுதுவீர்களா? தனிக் கருவியே வாங்காமல் வந்த அந்த 300 எலக்ட்ரானை வரவில் எங்கே காட்டுவீர்கள்? பதிலைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். இரண்டு பக்கமும் டேலி ஆக வேண்டும், அது முக்கியம்!